எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், அவனுக்குக் கொடுக்கவில்லை

போன சனிக்கிழமை நண்பர் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். டிவியில் அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் ஓடிக்கொண்டிருந்தது. "ஆடுற பசங்களுக்குக் காசு குடுக்க ஆரம்பிச்சதிலிருந்து ஆட்டமே கெட்டுப்போச்சு. ஃப்ரீயா படிப்பு குடுக்குறாங்க, அது போதாதா?" என்றார் ஓர் அண்ணன். சுற்றியிருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். அங்கே என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் மனது ஆறாததால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

2012-இல் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். இளங்கலை மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித்தரும் டி.ஏ. (உதவி ஆசிரியர்) வேலை கிடைத்திருந்தது. மாணவர் விசாவில் இருப்பவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அந்த 20 மணி நேரத்துக்கு எனக்குக் கல்லூரிக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. அது போக மாதாமாதம் சம்பளமும் வந்தது. வாடகை, மளிகை போக ஊருக்கும் கொஞ்சம் அனுப்பினேன்.

என் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு பையன் உட்காருவான். பல்கலைக்கழக ஃபுட்பால் அணியில் இருந்தான். நம்மூர்க் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம். வகுப்பு ஆரம்பித்த பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவான். முதலில் எனக்குக் கோபம் வந்தது. ஒருநாள் சந்தேகம் கேட்க வந்தவனிடம் அவனுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு எடைப் பயிற்சி, பிறகு வகுப்புகள், மதியத்துக்கு மேல் மைதானம், சாயங்காலம் பழைய ஆட்டங்களின் வீடியோவை ஓட்டிப் பார்த்து அலசும் கூட்டம். இடையில் பிசியோதெரபி. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி அவனுக்கும் வாரம் 20 மணி நேரம்தான் வரம்பு. ஆனால் ஆட்ட நாள் முழுவதையும் மூன்று மணி நேரம் என்றுதான் கணக்கில் எடுப்பார்கள். பயணமும் சிகிச்சையும் கணக்கிலேயே வராது.

அவனுக்கும் கல்லூரிக் கட்டணம் கிடையாது, தங்க இடமும் சாப்பாடும் உண்டு. அதற்கு மேல் ஆட்டத்துக்காக ஒரு டாலர் வாங்கினாலும் விதிமீறல். நான் சம்பளம் வாங்கியதால் புள்ளியியல் மேல் எனக்கிருந்த பிரியம் கெட்டுவிட்டது என்று யாரும் சொன்னதில்லை. அந்தக் கூட்டத்தில் பேசிய அண்ணனும் டி.ஏ. சம்பளத்தில் படித்தவர்தான்.

அந்த அக்டோபரில் அவன் முழங்காலில் தசைநார் கிழிந்தது. ஊன்றுகோலோடு வகுப்புக்கு வந்தான். இறுதித் தேர்வு அன்று, அடிபட்ட காலை நீட்டிக்கொள்ள இன்னொரு நாற்காலி கேட்டான், எடுத்துப் போட்டேன். அடுத்த ஆண்டு அவனைக் காணவில்லை. ஸ்காலர்ஷிப்பைப் புதுப்பிக்கவில்லை, ஊருக்குப் போய்விட்டான் என்று அவன் கூட்டாளி சொன்னான். 1973-இலிருந்தே ஸ்காலர்ஷிப்பை ஒவ்வோர் ஆண்டாகத்தான் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. 2012-இல்தான் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். கொடுக்கலாம் என்றுதான், கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை.

இதற்கெல்லாம் வேர் எங்கே என்று பின்னாளில் தேடிப் படித்தபோது ரே டெனிசனின் கதை கிடைத்தது. 1955-இல் கொலராடோவில் ஒரு சிறிய கல்லூரி அணிக்காக ஆடும்போது தலையில் அடிபட்டு இறந்தவர் அவர். வேலையில் இருந்த தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். கல்லூரி ஃபுட்பால் வியாபாரம் செய்யவில்லை, ஆகவே அவர் ஊழியர் இல்லை என்று 1957-இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இதுபோன்ற வழக்குகளுக்குப் பயந்துதான் 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லையே என்சிஏஏ புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 'வீரர்' என்று மட்டும் சொன்னால் அவர் யாருக்காக ஆடுகிறார் என்ற கேள்வி வரும். முன்னால் 'மாணவ' என்று சேர்த்துவிட்டால் ஆட்டமும் படிப்பின் ஒரு பகுதி ஆகிவிடும். 1951 முதல் 1988 வரை அந்த அமைப்பை நடத்திய வால்டர் பையர்ஸ் இதை ஓய்வுக்குப் பிறகு தானே எழுதினார். கல்லூரிகளில் இருப்பது அடிமைத் தோட்ட மனப்பான்மையின் புது வடிவம் என்று சொல்லும் அளவுக்கு அவர் மனம் மாறியிருந்தது. அந்த விதிகளைக் கட்டி எழுப்பியவரே அப்படிச் சொன்னதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனது கனத்துப் போகிறது.

வியாபாரம் இல்லை என்கிறார்கள். மார்ச் மாதம் நடக்கும் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்துப் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையை 2010-இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விற்றார்கள். 2016-இல் அதையே 2032 வரை நீட்டிக்க இன்னும் 880 கோடி டாலர். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களில் முதலிடம் ஆளுநருக்கு இல்லை, ஏதாவதொரு கல்லூரிப் பயிற்சியாளருக்குத்தான். 2023-இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் ஃபுட்பால் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7 கோடியே 50 லட்சம் டாலருக்கும் மேல். பயிற்சியாளருக்கு ஒப்பந்தம் இருந்தது. என் மாணவனுக்கு என்ன இருந்தது?

2014-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகளில் சாப்பிடக்கூடக் காசில்லாமல் பசியோடு படுக்கப் போகிறேன் என்று சொன்னார். அந்த ஆண்டு சாம்பியன் அவர் அணிதான். அந்த ஏப்ரலிலேயே சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை என்சிஏஏ தளர்த்தியது. அதுவரை வீரருக்கு எத்தனை வேளை சோறு போடலாம் என்பதற்கும் விதி வைத்திருந்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பிறகு நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். 2021-இல், வீரர்களுக்கான படிப்புச் சலுகைகளுக்கு வரம்பு வைத்ததை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த வாரமே, ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில், கிடைக்காமல் போன வருமானத்தைக் கேட்டு வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது. பழைய வீரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. ஒவ்வொரு கல்லூரியும் முதல் ஆண்டில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாக வீரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம்.

சரி, ஆட்டம் கெட்டுவிட்டதா? வீரர்கள் ஆண்டுதோறும் அணி மாறுகிறார்கள், விசுவாசம் போய்விட்டது என்ற வருத்தம் எனக்குப் புரிகிறது. எனக்கும் நான் படித்த பல்கலைக்கழகத்தின் அணி மேல் பாசம் உண்டு. ஆனால் முதலில் இடம் மாறியது யார்? 2024-இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையோரக் கல்லூரிகளின் லீக்கில் சேர்ந்தன. லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் யுசிஎல்ஏ பல்கலைக்கழகம், மறுகோடியில் இருக்கும் நியூஜெர்சி அணியோடு ஒரே லீக்கில் இருக்கிறது. நூறாண்டுப் பழமையான பசிபிக் கரை லீக், டிவி பணத்துக்காக இரண்டே ஆண்டுகளில் சிதறிப்போனது. இப்போது வாலிபால் ஆடும் பெண்கள் கண்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறந்து ஆடிவிட்டு வந்து தேர்வு எழுத வேண்டும். இதை எந்த வீரரும் கேட்கவில்லை.

எனக்கு உண்மையில் பயமாக இருப்பது வேறு இடத்தில். பங்கிடும் பணத்தில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. நீச்சல், மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றுக்கு இனி எவ்வளவு மிஞ்சும்? அமெரிக்காவின் ஒலிம்பிக் பதக்கங்களில் பெரும்பங்கு இந்தக் கல்லூரிக் குளங்களிலும் மைதானங்களிலும்தான் உருவாகிறது. கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தர வேண்டும் என்ற 1972-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பங்கீட்டுக்குப் பொருந்துமா என்பதும் வழக்காகியிருக்கிறது. பொருந்த வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் நீச்சல்குளத்தை மூடும் நிர்வாகம், வீரர்களுக்குக் கொடுத்ததால்தான் மூடுகிறோம் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். பயிற்சியாளரை நீக்குவதற்கு ஏழு கோடி எடுக்க முடிந்தவர்களுக்கு இதற்கும் வழி இருக்கும்.

இன்னொன்று, இன்றுவரை அவர்கள் ஊழியர்கள் இல்லை. டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் சங்கம் அமைக்க 13-2 என்று வாக்களித்தார்கள். கல்லூரி பேச்சுவார்த்தைக்கு வர மறுத்தது. ஆண்டு முடிவில் சங்கத்துக்காகப் போட்ட மனுவை வீரர்கள் தரப்பே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு லாஸ் வேகாஸ் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் வீரர் மேத்யூ ஸ்லூகா, வாய்வார்த்தையாகச் சொன்ன 1 லட்சம் டாலர் வரவில்லை என்று மூன்று ஆட்டங்களுக்குப் பிறகு அணியைவிட்டுப் போனார். முறையாக எதுவும் பேசப்படவில்லை என்றது எதிர்த்தரப்பு. காகிதத்தில் எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. காயத்துக்கு, ஆடி முடித்த பிறகும் இரண்டு ஆண்டுகள்வரை மருத்துவக் காப்பீடு என்று 2024 ஆகஸ்டில் என்சிஏஏ கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் இருபது வயதில் கிழிந்த முழங்கால் நாற்பதிலும் வலிக்கும்.

ஆகவே பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி எனக்கு முடிந்துபோன ஒன்று. அவர்களை ஊழியர்களாக ஏற்று, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அடிபட்டால் ஆயுளுக்கும் சிகிச்சை தர வேண்டும். ஆட்டம் போனாலும் படிப்பை முடிக்கும்வரை இடம் இருக்க வேண்டும்.

2025-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் 'ஸ்கோர் ஆக்ட்' என்று ஒரு மசோதா முன்வைக்கப்பட்டது. வீரர்களை ஊழியர்களாகக் கருதக்கூடாது என்பதையே சட்டமாக்கச் சொல்லும் மசோதா அது. நான் இன்னும் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவன், எனக்கு இங்கே வாக்கு இல்லை. சிட்டிசன் ஆகிவிட்ட நண்பர்களே, அண்ணன்களே, உங்கள் பகுதிப் பிரதிநிதிக்கு இதைப் பற்றி நாலு வரி எழுதிப் போடுங்கள். எனக்கு வாக்கு இல்லாவிட்டாலும் நேற்று ராத்திரி என் பகுதிப் பிரதிநிதிக்கு எழுதினேன். அந்த இரண்டாவது நாற்காலியைப் பற்றித்தான் எழுதினேன்.