இருபது வரை போடலாம் என்றால் இருபதும் போட வேண்டுமா?

போன வாரம் ஒரு நண்பர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு வழக்கம்போல பிள்ளைகளின் காலேஜ் பக்கம் திரும்பியது. பன்னிரண்டாவது படிக்கும் மகளுக்கு “இதுவரைக்கும் 22 காலேஜ் லிஸ்ட்ல இருக்கு” என்றார் அந்த வீட்டம்மா. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்கும் காமன் ஆப்பில் 20 வரைதானே போட முடியும் என்று கேட்டேன். “யூசி தனி அப்ளிகேஷன், அது இந்த 20-ல வராது” என்றார், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களைச் சொல்லி. அந்தப் பெண் தலையைத் தூக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடங்களுக்கு முன்னால் என் பெரியவளும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அதனால்தான் அமெரிக்காவில் இருக்கும் நம் பெற்றோர்களுக்கு இதை எழுதுகிறேன்.

பெரியவளுக்கு நாங்கள் 17 போட்டோம். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். பெயர் பெற்ற கல்லூரிகள் பலவற்றில் ஒரு விண்ணப்பத்துக்கு 75 முதல் 90 டாலர் வரை. அதோடு நிற்காது. தனியார் கல்லூரிகள் பலவும் உதவித்தொகைக்கு சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற குடும்பப் பண விவரப் படிவம் கேட்கும். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 16. எஸ்ஏடி என்ற சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண் அனுப்புவது இன்னொரு செலவு. எல்லாம் கூட்டியபோது 1,500 டாலரைத் தாண்டிவிட்டது.

நான்கு வருடப் படிப்புச் செலவுக்கு முன்னால் 1,500 என்ன பெரிய தொகை என்று தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. இன்னும் ஒன்றுதானே, 80 டாலர்தானே என்று சொல்லிச் சொல்லித்தான் ஒன்பதில் இருந்த பட்டியல் பதினேழுக்கு வந்தது. அவள் பெயரைச் சொல்லி, எங்கள் பயத்துக்காகச் சேர்த்த எட்டு கல்லூரிகள் அவை.

அந்த எட்டுக்கான விலையைக் கொடுத்தது அவள்தான். பொதுக் கட்டுரை ஒன்று எழுதினால் எல்லாருக்கும் போய்விடும். ஆனால் பெரும்பாலான கல்லூரிகள் தங்களுக்கென்று தனியாக ஒன்று, இரண்டு, சில சமயம் நான்கைந்து கேள்விகள் கேட்கும். டிசம்பர் 31 இரவு பத்தரை மணிக்கு அவள் பதினான்காவது விண்ணப்பத்தில் இருந்தாள். ‘எங்கள் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தாய்’ என்பதற்கு அவள் எழுதியதை நான் பின்னால் நின்று படித்தேன். ஆற்றங்கரையில் இருக்கும் வளாகத்தைப் பற்றி அழகாக ஒரு பத்தி. அந்தக் கல்லூரிப் பக்கம் ஆறே கிடையாது. வேறொரு கல்லூரிக்கு எழுதியதை எடுத்துப் போட்டு, பெயரை மட்டும் மாற்றியிருந்தாள். சொன்னதும் அவள் திரும்பிப் பார்த்து, “அம்மா, இந்த காலேஜ் எங்க இருக்குன்னே எனக்கு ஞாபகம் இல்ல” என்று அழுதாள். இரண்டு மாதம் சரியாகத் தூங்காத பிள்ளை. இதே பிள்ளை அக்டோபரில் எழுதிய முதல் நான்கு கட்டுரைகள் அவ்வளவு நன்றாக இருந்தன.

“நிறைய போட்டால் எதிலாவது கிடைக்கும்” என்று எல்லாரும் சொல்கிறோம். இந்தக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 5 சதவீத வாய்ப்பு, 20 கல்லூரிக்குப் போடுகிறோம் என்றால், ஒன்றிலாவது கிடைக்க 64 சதவீத வாய்ப்பு என்று வரும். நம் ஊர் எஞ்சினியர் அப்பாக்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு முடிவும் மற்றதோடு சம்பந்தமே இல்லாமல் நடந்தால்தான் இது சரி. இங்கே 20 பேரும் பார்ப்பது ஒரே பிள்ளையை: அதே மதிப்பெண், அதே கட்டுரை, அதே ஆசிரியர் கொடுத்த கடிதம். ஓர் இடத்தில் குறையாகப் பட்டது அடுத்த இடத்திலும் பெரும்பாலும் அப்படியே படும். ஒரே மாதிரி கடினமான கல்லூரிகளை அடுக்கிக்கொண்டே போனால் உண்மையான வாய்ப்பு அந்த 64-க்குக் கீழேதான். இன்னொன்றும் இருக்கிறது. எல்லாரும் 20 போடுவதால் விண்ணப்பங்கள் குவிகின்றன, சேர்க்கை விகிதம் விழுகிறது. அதைப் பார்த்துப் பயந்து அடுத்த வருடப் பெற்றோர் 22 போடுகிறார்கள்.

இங்கிலாந்தில் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப முறை வழியாக ஐந்து இடங்களுக்குத்தான் போடலாம். மருத்துவம் என்றால் நான்கு. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஒரே வருடத்தில் சேர்த்துப் போடவும் முடியாது. ஐந்துதான் என்று தெரிந்தால் ஒவ்வொன்றைப் பற்றியும் யோசித்தே ஆகவேண்டும். இங்கே அந்தக் கட்டாயத்தை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதைவிட முக்கியமானது ஒன்று. பெரியவளுக்கு 17-ல் ஐந்து இடங்களில் கிடைத்தது. அதில் இரண்டு, உதவித்தொகை போக வருடத்துக்கு நாங்கள் கொடுக்க முடிந்ததைப்போல இரண்டு மடங்கு கேட்டன. மார்ச் மாதம் அந்தக் கடிதம் வந்த அன்று அவள் துள்ளிக் குதித்தாள்; இரண்டு நாள் கழித்து நாங்கள் உட்கார வைத்துப் பேச வேண்டியிருந்தது. அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன். இது முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடிய விஷயம். அரசின் மாணவர் உதவித் திட்டங்களில் இருக்கும் கல்லூரிகள் தங்கள் தளத்தில் நெட் ப்ரைஸ் கால்குலேட்டர் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். வருமானம், சேமிப்பு எல்லாம் போட்டால், நம் குடும்பத்துக்கு ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று காட்டிவிடும். கால் மணி நேர வேலை. நாங்கள் செய்யவில்லை.

கலிஃபோர்னியாவில் இல்லாதவர்கள் யூசிக்குப் போடும்போதும் இதை யோசியுங்கள். ஒரே விண்ணப்பம்தான், ஆனால் கட்டணம் வளாகத்துக்கு 80 டாலர் வீதம். சேர்ந்த பிறகு வெளிமாநிலத்தவருக்கு வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதல் கட்டணம். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபாஃப்சா என்ற உதவி விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசு உதவி கிடையாது. சில கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவர்களாகவே கணக்கில் எடுக்கும். அந்த வீடுகளில் முதல் கேள்வியே எந்தக் கல்லூரி யாருக்குப் பணம் தருகிறது என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

பணம் நெருக்கடி என்றால் தயங்காமல் கட்டண விலக்கு கேளுங்கள். காமன் ஆப்பிலேயே அதற்கு இடம் இருக்கிறது, பள்ளி கவுன்சலரும் உதவுவார். வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் இலவசம். விண்ணப்பிக்கும்போது எஸ்ஏடி மதிப்பெண்ணை நாமே பதிந்தால் போதும், சேரும்போது அதிகாரபூர்வமாக அனுப்பலாம் என்கிற கல்லூரிகள் நிறைய. கட்டணமே வாங்காத கல்லூரிகளும் இருக்கின்றன. இதையெல்லாம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எத்தனைதான் போடலாம் என்று கேட்டால், ஆறிலிருந்து ஒன்பது என்பேன். ஆனால் பட்டியலைக் கீழிருந்து போடுங்கள். நாம் எல்லாரும் பெரிய பெயரிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் அரை மனதாக ஒரு ‘சேஃப்டி’யைச் சேர்க்கிறோம். முதலில் எழுத வேண்டியது, கிடைப்பது ஏறக்குறைய உறுதி, கட்டவும் முடியும், பிள்ளை சந்தோஷமாகவும் போகும் என்கிற இரண்டு பெயர்கள். அப்படி இரண்டைக் கண்டுபிடிக்கிற வரை பட்டியலில் மேலே போகவே வேண்டாம். பெரியவள் இப்போது படிப்பது எங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில்தான். அக்டோபரில், வேறு கட்டுரை எதுவும் கேட்காமல், முதலாவதாக அனுப்பிய விண்ணப்பம் அது. நன்றாக இருக்கிறாள்.

இந்த வருடம் சின்னவன் முறை. எட்டு பெயர்கள் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கால்குலேட்டர் காட்டிய தொகை. நேற்று ராத்திரி வந்து, “அம்மா, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் போடறாங்க, இது ஒண்ணு சேக்கலாமா?” என்று ஒரு பெயரைச் சொன்னான். சேர்க்கலாம், எட்டில் எதை எடுக்கிறாய் என்று கேட்டேன். ஃபிரிட்ஜ் முன்னால் ரொம்ப நேரம் நின்றான். அப்புறம் போய்ப் படுத்துவிட்டான். காலையில் பார்த்தேன், அதே எட்டுதான் இருக்கிறது.