பின்னணியில் ஓடவிட அல்ல

“வேலை பார்க்கும்போது பின்னணியில் ஓடவிட ஏற்றது” என்று ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவான்ஸின் ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ ஆல்பத்தைக் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு இடிப்பது அங்கேதான். இது பதிவான அன்று கிளப்பில் இருந்தவர்களில் சிலரும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள் போல! 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு என்ற ஜாஸ் கிளப். எவான்ஸின் மூவர் குழு ஒரே நாளில் இடைவேளை விட்டு ஐந்து செட் வாசித்ததைப் பதிவு செய்தார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் குவளைகள் உரசுவதும், யாரோ பேசிக்கொண்டிருப்பதும்கூடக் காதில் விழும்.

நானும் ரொம்ப நாள் பின்னணியில்தான் ஓடவிட்டேன். பியானோ மட்டும் மனதில் நின்றது. ஒருநாள் ராத்திரி கரண்ட் போய், ஃபேன் சத்தமும் அடங்கியது. அப்போதுதான் ஸ்காட் லஃபாரோவின் பாஸ் (கீழ்ச்சுருதித் தந்தி வாத்தியம்) பிடிபட்டது. தாளத்துக்குத் துணை நிற்பதோடு விடாமல், பியானோ பாதியில் விட்ட வாக்கியத்தை எடுத்து முடிக்கிறது, சில இடத்தில் எதிர்க்கேள்வியும் கேட்கிறது. பால் மோஷியனோ டிரம்மில் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார், முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி.

லஃபாரோ அந்தப் பதிவு முடிந்த பதினோராவது நாள் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. அதைக் கட்டுரையில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம். சரி, இன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு முதல் பாட்டை மட்டுமாவது இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.