வலிக்கவில்லை என்றால் புற்றுநோய் இல்லையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து வாட்சப் குழுவில் இந்த வாரம் ஒரே குரல் பதிவு மூன்று முறை வந்துவிட்டது: "கட்டியோ புண்ணோ வலிக்கவில்லை என்றால் அது புற்றுநோயே இல்லை, பயப்படாதீர்கள்." கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது, ஆனால் சுத்தப் பொய்.

மார்பகக் கட்டியானாலும் வாய்ப் புற்றுநோயானாலும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி வரும்போது பல நேரம் நோய் முற்றியிருக்கும். சொல்லப்போனால், சாதாரண வாய்ப்புண்தான் சுள்ளென்று எரியும், அப்புறம் இரண்டு வாரத்துக்குள் தானாக ஆறிவிடும்.

நம் லயத்து வீடுகளில் வெற்றிலைப் பெட்டி இன்னும் இருக்கிறது. ரப்பர் பால்வெட்டுக்குப் போன காலத்திலிருந்தே பாட்டிமார் ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கி வைப்பார்களே, அந்தப் பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிடக் கவலைக்குரிய சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், முன்பு மூன்று விரல் நுழைந்த வாய் இப்போது இரண்டுக்கே இறுகுவது, பொய்ப்பல் திடீரென்று பொருந்தாமல் போவது, இதில் எது இருந்தாலும் காட்ட வேண்டும்.

"நான் புகையிலை சேர்ப்பதில்லை" என்பார்கள். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது.

இதற்கு ஈப்போவரை ஓட வேண்டாம், பக்கத்து அரசாங்கப் பல் கிளினிக்கிலேயே வாயைத் திறந்து காட்டலாம்.