இயர்பட்ஸ் வாங்கும் முன் பேட்டரியைப் பற்றிக் கேளுங்கள்

வயர்லெஸ் இயர்பட்ஸ் என்றாலே பேச்சு பேஸ், நாய்ஸ் கேன்சலிங், ஒலி எழுப்பும் டிரைவர் எத்தனை மில்லிமீட்டர் என்றுதான் போகிறது. நான் முதலில் பார்ப்பது பேட்டரியை. நல்ல ஸ்பீக்கர் பத்து வருடம் உழைக்கும், சிப்பும் அப்படித்தான். இரண்டு மூன்று வருடத்தில் கைவிடுவது உள்ளே இருக்கும் அந்தச் சின்ன லித்தியம் செல். அதை மட்டும் மாற்றவே முடியாதபடி வடிவமைத்து விற்பது தவறு என்பது என் உறுதியான கருத்து.

பல இயர்பட்ஸில் இருக்கும் செல் சட்டைப் பொத்தான் அளவுதான். கொள்ளளவு பெரும்பாலும் 40 முதல் 60 மில்லி ஆம்பியர் ஹவர். இன்றைய போன்களில் 5000 சாதாரணம். லித்தியம் செல் ஏறத்தாழ 500 முழு சார்ஜ் சுற்றுகளில் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். நாள் முழுக்க மீட்டிங்கும் பாட்டுமாக இருப்பவருக்கு ஒரே நாளில் ஒரு சுற்றுக்கு மேல் ஓடிவிடும். அது போதாதென்று, சார்ஜிங் பெட்டிக்குள் வைத்த ஒவ்வொரு முறையும் செல் முழுக்க ஏறி அங்கேயே நிற்கிறது. முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் லித்தியம் செல் வேகமாகத் தேயும். மே மாத வெயிலில் பைக் டேங்க் கவருக்குள் கிடக்கும் பெட்டியை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், "ஒரு காதில் மட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது" என்று பலர் சொல்வதற்கும் காரணம் உண்டு. ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். உடம்பில் தண்ணீர் அதிகம் என்பதால் நம் தலை அந்த அலையை நன்றாகவே விழுங்கிவிடும். பல பழைய மாடல்களில் ஒரு பக்கம்தான் போனிடமிருந்து ஒலியை வாங்கி, தலையைத் தாண்டி மறு பக்கத்துக்கு அனுப்பும். எப்போதும் ஒரே பக்கம் இந்த இரட்டை வேலையைச் செய்தால் அதன் செல்தான் முதலில் சாகும். பிராகி டாஷ் என்ற இயர்பட்ஸ் இதற்கு வேறு வழி பிடித்தது: உடம்பைத் தாண்டிப் போகக்கூடிய காந்தப்புலத்தால் இரண்டு காதுகளையும் இணைத்தது. 2020இல் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் ஒலி முறையில் போனே இரு காதுகளுக்கும் தனித்தனியாக அனுப்பலாம். ஆப்பிளின் முதல் ஏர்பாட்ஸில் கீழே நீளும் தண்டும் அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. பேட்டரியும் ஆன்டெனாவும் அங்கேதான் இருந்தன. ஆன்டெனாவை எங்கே வைப்பது என்ற முடிவுகூடக் கடைசியில் பேட்டரியின் ஆயுளில்தான் வந்து நிற்கிறது.

சரி, செல் தேய்வதை யாராலும் தடுக்க முடியாது. மாற்ற வழி வைக்கலாமே? "வியர்வையும் மழையும் உள்ளே போகாமல் இருக்கப் பசை போட்டு ஒட்டித்தான் ஆக வேண்டும்" என்பார்கள். 2024இல் வந்த ஃபேர்பட்ஸ் என்ற இயர்பட்ஸ் இந்தச் சாக்கை உடைத்துவிட்டது. இரண்டு பட்ஸிலும் சார்ஜிங் பெட்டியிலும் பேட்டரியை வாங்கியவரே மாற்றிக்கொள்ளலாம், அதோடு தூசியையும் நீர்த்தெறிப்பையும் தாங்கும் ஐபி54 பாதுகாப்பும் பட்ஸுக்கு இருக்கிறது. பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் அதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தது. 2016இல் வந்த முதல் ஏர்பாட்ஸுக்கு அதே குழு கொடுத்தது பூஜ்யம். திறந்து மூடும் கதவும் ரப்பர் வளையமும் கொஞ்சம் இடம் பிடிக்கும், உண்மைதான். காதில் சற்றுப் பெரிதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, எனக்கு அதுதான் வேண்டும். தலைக்கு மேல் மாட்டும் பெரிய ஹெட்செட்டில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. நாலு ஸ்க்ரூவும் ஒரு கனெக்டரும் வைத்தால் முடிகிற வேலை. அதிலும் பேட்டரியை ஒட்டி வைப்பவர்களை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டத்தில், 2027 பிப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்று இருக்கிறது. சில விலக்குகள் உண்டு, ஆனாலும் திசை சரி. இந்தியாவிலும் 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது. அதில் மொபைலும் மின்னணுப் பொருட்களும் அடக்கம். அது போதாது. இயர்பட்ஸ் மாதிரி லட்சக்கணக்கில் விற்கும் பொருளுக்குத் தெளிவான விதி வேண்டும்.

அதுவரை நாம் கடையில் கேட்கலாம். பேட்டரி தனியாகக் கிடைக்குமா, மாற்ற எவ்வளவு ஆகும், எத்தனை வருடம் கிடைக்கும் என்று. விற்கும் அட்டைப் பெட்டியின் மேல் டிரைவர் அளவைப் பெரிதாக அச்சடிக்கிறவர்கள் உள்ளே இருக்கும் செல்லின் மாடல் எண்ணையும் பக்கத்திலேயே அச்சடிக்கட்டும்.