மாற்றுப் பாதையில் நடந்தால் கணக்கில் சேராதா?

அமெரிக்காவின் கிழக்கு மலைகளில் நீளும் நெடுந்தூர நடைபாதையான அப்பலாச்சியன் டிரெயிலை ஆண்டுக்கு இரண்டு வாரம் என்று துண்டு துண்டாக நடந்துவரும் நண்பர் ஒருவர், 2025 வசந்தத்தில் வட கரோலினா, டென்னசி எல்லையருகே ஹெலீன் சூறாவளிச் சேதத்தால் மூடப்பட்டிருந்த ஒரு பகுதிக்குள் அறிவிப்புப் பலகையைத் தாண்டிப் போய்வந்ததைப் பெருமையாகச் சொன்னார். மாற்றுவழியாகக் காட்டிய சாலையோரமாக நடந்துவிட்டு டிரெயிலை நடந்தேன் என்று சொல்லிக்கொள்ள மனம் ஒப்பவில்லையாம். வழிகாட்ட மரத்தில் தீட்டிய வெள்ளைப் பட்டைகளை ஒன்றுவிடாமல் தொட்டுச் செல்வதுதான் நேர்மையான நடையாம். அன்று அவரிடம் அதிகம் பேசவில்லை. நெடுநாளாக மனத்தில் கிடந்த பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

2024 செப்டம்பர் 26 இரவு நான்காம் வகைச் சூறாவளியாகப் புளோரிடாவில் கரையேறிய ஹெலீன், மறுநாள் தெற்கு அப்பலாச்சிய மலைகளுக்கு வந்தபோது காற்றின் வேகத்தை ஓரளவு இழந்திருந்தது. ஆனால் மழையை இழக்கவில்லை. வட கரோலினாவின் பியூசிக்கில் மூன்று நாட்களில் 30 அங்குலத்துக்கு மேல் மழை பதிவானது. புயலுக்கு முன்பே பெய்த மழையில் ஊறி இளகிக் கிடந்த மலைச்சரிவில், காற்றில் முறிந்த மரங்களோடு வேரோடு சாய்ந்த மரங்களும் ஏராளம். தடத்தின் ஓரத்தில் நின்ற ஒரு பெரிய ஓக் சாயும்போது, ஆள் உயரத்துக்கும் மேலான வேர்த்தட்டு, கல்லும் மண்ணுமாக, நாம் காலடி வைக்கும் ஒற்றையடிப் பாதையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு நிமிர்ந்துவிடுகிறது. மரத்தை அறுத்து அகற்றினாலும் பாதை அங்கே இல்லை. ஒரு பள்ளம்தான் இருக்கிறது. அதை நிரப்பி, சரிவில் மீண்டும் நடைதளம் வெட்ட வேண்டும். மண்வெட்டியும் கடப்பாரையும் தோளில் சுமந்து மைல்கணக்கில் ஏறிவரும் தன்னார்வலர்கள் செய்கிற வேலை இது. அவர்களில் பலர் பணி ஓய்வு பெற்ற முதியவர்கள்.

மலைக்குக் கீழே நேர்ந்தது இன்னும் கொடியது. பிரெஞ்சு பிராட் ஆற்றங்கரையில் இருக்கும் ஹாட் ஸ்பிரிங்ஸ், வர்ஜீனியாவின் டமாஸ்கஸ் போன்ற, டிரெயில் ஊர்த்தெரு வழியாகவே போகிற சிற்றூர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. டென்னசியின் எர்வின் அருகே நோலிச்சக்கி ஆற்றைக் கடக்க டிரெயில் நம்பியிருந்த செஸ்டோவா பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. 2025 வசந்தத்தில் நடையர்களுக்காக அங்கே இலவசப் படகு விடப்பட்டது. சேறு உலர்ந்து வெடித்த கரையில் தோள்பையை இறக்கி வைத்துவிட்டு, உயிர்காப்புச் சட்டையின் வாரை இறுக்கிக்கொண்டு நானும் அதில் ஏறினேன். கடக்க ஆன நேரம் சில நிமிடங்கள்தான். எதிர்க்கரை மரக்கிளைகளில், என் தலைக்கு வெகு உயரத்தில், வெள்ளம் கொண்டுவந்து மாட்டிய துணிகளும் நெகிழித்தாள்களும் அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தன.

அந்தப் படகில் போனது கணக்கில் சேராதா? இந்த டிரெயிலுக்கு மாறாத உருவம் என்று ஒன்று எப்போது இருந்தது? இப்படியொரு தடம் வேண்டும் என்று 1921இல் வனவியலாளர் பென்டன் மெக்கை முன்வைத்த யோசனை 1937இல்தான் ஜார்ஜியா முதல் மெயின் வரை ஒரே தடமாக முழுமை பெற்றது. அடுத்த ஆண்டே, 1938 செப்டம்பரில், நியூ இங்கிலாந்தைத் தாக்கிய சூறாவளி வடபகுதியைச் சிதைத்தது. தெற்கே மலைமுகட்டுச் சாலைப் பணிகளும் தடத்தை விழுங்கின. பின்னர் போரும் வந்தது. அறுந்த தடம் மீண்டும் முழுதாக இணைய 1951 ஆயிற்று. தடம் முழுவதையும் ஒரே பயணத்தில் நடந்த முதல் முழுநடையாளராகப் பதிவாகியிருக்கும் ஏர்ல் ஷாஃபர் நடந்தது 1948இல், அதாவது தடம் அறுந்து கிடந்த காலத்தில். அவருடைய நடையை எந்தக் கணக்கில் வைப்பது? அதன்பிறகும் தடம் இடம் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. ஏறத்தாழ 2,200 மைல் என்று நாம் சொல்லும் நீளமும் அதனால் ஆண்டுக்கு ஆண்டு சிறிது கூடிக் குறைகிறது.

முழுநடைக்குச் சான்று வழங்கும் அமைப்பான அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சியே வெள்ளம், காட்டுத்தீ போன்ற நெருக்கடிகளில் நீலப் பட்டை தீட்டிய கிளைவழிகளையும், அதிகாரபூர்வமாக வகுக்கப்பட்ட சாலை வழிகளையும் வெள்ளைப் பட்டைக்கு மாற்றாக ஏற்கிறது. சான்று தருபவர்களுக்கு இல்லாத தயக்கம் நண்பருக்கு எதற்கு?

பலகையைத் தாண்டியவர் தன் உயிரை மட்டும்தான் பணயம் வைத்தார் என்றால் நான் பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் பாதி சாய்ந்து வேறொரு மரத்தின்மேல் தொங்கும் மரமும், வில்லாக வளைந்து இறுகி நிற்கும் இளமரமும் எப்போது யார்மேல் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. அறுப்பவர்கள் சுற்றிலும் ஆள் இல்லை என்று நம்பித்தான் ரம்பத்தை வைக்கிறார்கள். விழுந்த மரத்தைச் சுற்றி ரோடோடெண்ட்ரான் புதருக்குள் பத்துப் பேர் புகுந்து போனால் அங்கே புதுத்தடம் ஒன்று பதிந்துவிடுகிறது. அடுத்த மழைக்கு அது ஓடையாகிறது. சரிசெய்ய வேண்டிய இடம் ஒன்று இரண்டாகிறது. 2025 மார்ச்சில் மேற்கு வட கரோலினாவில் பரவிய காட்டுத்தீக்கு, ஹெலீன் சாய்த்துக் காயப்போட்ட மரங்களே விறகாயின. அப்படிப்பட்ட காட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாமல் மீட்புக் குழு எங்கே தேடும்?

நண்பர் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். மாற்றுவழி என்று காட்டப்படும் சில சாலைகளில் ஓரமே கிடையாது. வளைவில் சரக்கு வண்டி வரும்போது தடுப்புக் கம்பியோடு ஒட்டி நின்று மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. திறந்த பகுதி எது, மூடிய பகுதி எது என்ற அறிவிப்பு மலையடிவாரத்துப் பலகையில் ஒரு மாதிரியும் இணையத்தில் வேறு மாதிரியும் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதற்காகக் கேள்வி கேட்கலாம், கடிதம் எழுதலாம், விடுமுறையில் ஒரு வாரம் மண்வெட்டி பிடிக்கவும் போகலாம்.

நண்பர் அடுத்து மெயின் மாநிலத்துக்குப் போகிறார். அங்கே கென்னபெக் ஆற்றில் பாலம் கிடையாது. டிரெயிலின் அதிகாரபூர்வ வழியே ஒரு சிறு படகுதான். படகின் உட்புறத் தரையில் வெள்ளைப் பட்டை தீட்டியிருப்பார்கள். அதன்மேல் காலை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.