ஏழாவது மேசை

கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களும், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் அலைந்தவர்களும் மட்டும் படித்தால்கூடப் போதும்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா ஆசிரியர் ஓய்வறைக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையைக் கவிழ்த்து மேசையில் கொட்டினார். ஓ.பி. சீட்டுகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். சிலதில் மஞ்சள் கறை, ஒன்று மடித்த மடிப்பிலேயே இரண்டாகக் கிழிந்திருந்தது. ஆதார் ஜெராக்ஸ் ஆறு பிரதி. குடும்ப அட்டை ஜெராக்ஸ் நான்கு. சிறப்புப் பயிற்றுநர் எழுதிக் கொடுத்த படிவம், குழந்தைகள் நலக் குழு கொடுத்த உத்தரவு, நாங்களே பள்ளி முத்திரை வைத்துக் கொடுத்த ஒரு கடிதம். “டீச்சர், இதுல எது முக்கியம், எத தூக்கிப் போடலாம்னு சொல்லுங்க” என்றார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும்.

பையன் ஐந்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்தவனாம். ஆறாம் வகுப்பில் எங்களிடம் வந்தபோதே எழுதுவதை விட்டிருந்தான். மழை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவான். போன வருடம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விளையாட்டாகத் தள்ளிய ஒரு பையனை ஜாமெட்ரி பாக்ஸால் அடித்து, நெற்றியில் இரண்டு தையல். பயந்து ஓடிவிட்டான். மறுநாள் பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்தில் யாரோ பார்த்து, குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லி, மீட்டார்கள்.

அந்த அம்மா எங்கெல்லாம் போனார் என்று காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். முதலில் பள்ளி, அதாவது நாங்கள். நாங்கள் சிறப்புப் பயிற்றுநர் இருக்கும் வட்டார வள மையத்துக்கு அனுப்பினோம். பள்ளிக்கு வருடம் ஒருமுறை வரும் பரிசோதனைக் குழு மருத்துவர் பார்த்து, மாவட்டத் தலைநகரில், வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பார்க்கும் இளம் சிறார் மையத்துக்கு ரெஃபர் செய்தார். அங்கே, இது எங்கள் கேஸ் மாதிரித் தெரியவில்லை, மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். மனநல டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். ஓடிப்போன சம்பவத்துக்குப் பிறகு குழந்தைகள் நலக் குழு. கடைசியாக, அட்டை ஒன்று வாங்கிவிட்டால் உதவித்தொகை வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

ஏழு மேசை. ஏழிலும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: “என்னம்மா பிரச்சினை? முதல்லேர்ந்து சொல்லு.”

காகிதங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கீழே விழுந்தது. ஆறேழு வயதுப் பெண் குழந்தை, ரெட்டை ஜடை. யார் என்று கேட்டேன். “இவன் தங்கச்சி டீச்சர். குளத்துல போயிட்டா. அன்னிக்கு இவன்தான் கூட்டிக்கிட்டுப் போனான்.”

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. இதை டாக்டரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். “மொத எடத்துல சொன்னேன். அழுகை வந்துருச்சு. பின்னாடி இத்தன பேரு நிக்கிறாங்க, சீக்கிரம் சொல்லும்மான்னாங்க. அதுக்கப்புறம் போன எடத்துலல்லாம் சுருக்கமாச் சொல்லிட்டேன்.”

சுருக்கம் எப்படி இருந்தது என்று அந்தச் சீட்டுகளைப் பார்த்தால் தெரிகிறது. ‘படிப்பில் நாட்டமில்லை, கோபம் அதிகம்.’ அடுத்ததில் ‘கவனக்குறைவு’. அதற்கடுத்ததில் ஒரு மாத்திரை, இரவு ஒன்று. ஏழாவது மேசைக்குப் போகும்போது தங்கச்சியும் இல்லை, குளமும் இல்லை. படிக்காத, அடிக்கிற ஒரு பையன் மட்டும்தான் மிச்சம். அவன் ஏன் மழைக்கு எழுந்து போகிறான் என்று ஒரு காகிதத்திலும் இல்லை. இரண்டரை வருடம் அவனுக்குப் பாடம் நடத்திய நானும் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டில் குறித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டிருக்கிறேன். இதில் எனக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லிவிட்டே மேலே எழுதுகிறேன்.

சரி. இப்போது “அரசாங்கம் ஒன்றுமே செய்வதில்லை” என்று ஆரம்பித்தால் அது பொய். நியாயமாகப் பார்த்தால் ஆச்சரியப்படும் அளவுக்குத் திட்டங்கள் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியபோது நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இன்று நம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. பிறப்பு முதல் 18 வயது வரை எல்லாப் பிள்ளைகளையும் பரிசோதிக்கும் திட்டம் 2013இல் வந்தது. வளரிளம் பருவத்தினருக்கென்று 2014இல் ஒன்று. தொலைபேசியில் பேச 14416, அதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று அழகாகப் பெயரும் வைத்தார்கள். பள்ளிக்கல்வித் துறைக்கு 14417. குழந்தைகளுக்கு 1098. பாடப்புத்தகத்தின் பின்னட்டையிலேயே எண்களை அச்சடித்துக் கொடுக்கிறோம், ‘மாணவர் மனசு’ என்று பெட்டி வைத்திருக்கிறோம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015–16இல் நடந்தது, தமிழ்நாடும் அதில் இருந்தது. 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை என்றது. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் என் வகுப்பில் கிட்டத்தட்ட மூன்று பேர். அந்த மூவருக்குத் தேவையான ஆட்கள் மாவட்டத்தில் எங்கேயோ ஒரு மேசையில் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள், எல்லா மேசையிலும் இல்லாவிட்டாலும். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் வேலை என்று கேட்டுப் பாருங்கள். அதற்குத்தான் பதில் கிடையாது. இப்போதைக்கு அது அம்மாவின் வேலை. அம்மா இல்லாவிட்டால் பாட்டியின் வேலை.

இதைப் பலர் “துறைகளுக்குள் ஒத்துழைப்பு இல்லை” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் இன்னும் விசித்திரம். சுகாதாரம் என்று நாம் சொல்வதே ஒரு துறை இல்லை. பள்ளிக்கு வரும் பரிசோதனைக் குழு பொது சுகாதாரத் துறையின் கீழ். தாலுகா ஆஸ்பத்திரி மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழ். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். மூன்றுக்கும் மேலே ஒரே அமைச்சர்தான், ஆனால் ஒரு சீட்டின் எண் அடுத்த இடத்தில் செல்லாது. இதோடு பள்ளிக்கல்வி, குழந்தைகள் நலக் குழுவைப் பார்க்கும், முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்றிருந்த குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, விடுதிப் பிள்ளையாக இருந்தால் ஆதிதிராவிடர் நலமோ பிற்படுத்தப்பட்டோர் நலமோ. அந்த அம்மாவுக்கு இதெல்லாம் ‘கவருமெண்டு’ என்கிற ஒரே சொல்தான்.

மாவட்ட அளவில் ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் நடக்கின்றன. ஒன்றுக்கு ஹெச்.எம்.முக்குப் பதிலாக நான் போயிருக்கிறேன். டீ, மிக்சர், ஒவ்வொரு துறையும் தன் எண்ணிக்கையைப் படிக்கும்: இத்தனை முகாம், இத்தனை பேருக்குப் பரிசோதனை, இத்தனை பேர் ரெஃபர். ரெஃபர் செய்தவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, மிக்சர் நன்றாக இருந்தது.

இது முடியாத காரியமா? நம் ஊரிலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறோம், வேறு விஷயத்தில். ஒரு பெண் கருவுற்றால் கிராம சுகாதார செவிலியர் பெயரைப் பதிவு செய்து எண் கொடுக்கிறார். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையம், மாவட்ட ஆஸ்பத்திரி, மெடிக்கல் காலேஜ் என எங்கே போனாலும் கதை தொடரும். ஸ்கேனுக்கு வரவில்லையென்றால் நர்ஸம்மா வீட்டு வாசலில் வந்து நிற்பார். மாமியார் மறித்தால் மாமியாரோடும் சண்டை போடுவார். என் நாத்தனார் அப்படிப்பட்ட செவிலியர்தான், “எனக்குச் சொந்தப் புள்ள ரெண்டு, ஊர்ப் புள்ள அறுபது” என்பாள். பிரசவத்தில் தாய்மார்களைக் காப்பாற்றுவதில் தமிழ்நாடு முன்னால் நிற்பதற்கு டாக்டர்களோடு சேர்த்து இந்த வாசல் நிற்றலும் காரணம். காசநோய்க்கும் அப்படித்தான், மாத்திரை வாங்க வராதவரைத் தேடிப்போக ஆள் உண்டு. மனசு சரியில்லாத பிள்ளையைத் தேடிப்போகத்தான் ஆள் இல்லை.

இன்னொன்று. ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்கள். அதற்குப் பிறகு அரசாங்கம் தர்காவை மூடிவிட்டு ஜனங்களை விரட்டவில்லை. அங்கேயே மனநல மருத்துவரை உட்கார வைத்தது. தவா–துவா என்று பெயர். மருந்தும் உண்டு, பிரார்த்தனையும் உண்டு. ஓதுகிற இடத்தோடு ஆஸ்பத்திரியைச் சேர்த்து வைக்க முடிந்த நம்மால், பள்ளிக்கூடத்தையும் அதிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் தாலுகா ஆஸ்பத்திரியையும் சேர்த்து வைக்க முடியவில்லை என்றால் நம்பச் சிரமமாக இருக்கிறது.

கல்வித்துறை தனியாக, ஒரு டாக்டரும் இல்லாமல், பிள்ளைகளின் மனசுக்குச் செய்த நல்ல காரியங்களும் உண்டு. மார்ச்சில் தேறாதவர்களைச் செப்டம்பர் வரை காத்திருக்க வைக்காமல், ரிசல்ட் வந்த கையோடு துணைத்தேர்வு எழுத விட்டது. 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் நாளில் பள்ளிக்கூடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த இரண்டும் எத்தனை வீடுகளைக் காப்பாற்றியிருக்கும் என்று தெரியும். மனநலம் ஆஸ்பத்திரிக்காரர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிடாமல் தேர்வுத் துறையும் தன் பங்கைச் செய்தது.

இப்போது உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் வந்த தீர்ப்பு: நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிலையங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். நல்ல தீர்ப்புதான். ஆனால் எனக்கு ஒரு பயம். அந்த ஆலோசகரும் எட்டாவது மேசையாகிவிடக் கூடாது. அவர் கையிலும் ஒரு படிவம், அவரும் “முதல்லேர்ந்து சொல்லும்மா.”

நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. புது ஆப் சத்தியமாக இல்லை. இருக்கிற ஆப்களில் பதிவேற்றியே எங்கள் கை ஓய்ந்துவிட்டது. வட்டாரத்துக்கு ஒருவர், சமூகப்பணி படித்தவர், ஒப்பந்தக்காரராக இல்லாமல் நிரந்தரமாக. பள்ளியிலிருந்து ஒரு பிள்ளையை ரெஃபர் செய்த நாளிலிருந்து அது அவர் பிள்ளை. முதல் தடவை வீட்டுக்குப் போய், தரையில் உட்கார்ந்து, அவசரப்படாமல் கதையைக் கேட்டு எழுத வேண்டும். அதற்குப் பிறகு அந்த அம்மா யாரிடமும் முதலிலிருந்து சொல்லக் கூடாது. டாக்டர் லீவு என்றால் முந்தின நாளே போன் பண்ணிச் சொல்ல வேண்டும். பையன் திரும்பி வகுப்புக்கு வரும்போது என்னிடம் வந்து, “டீச்சர், மழை நாளில் இவனை ஜன்னல் பக்கம் உட்கார வைக்காதீங்க” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எந்த ஆபீஸாக இருந்தாலும் உள்ளே போய் இந்தப் பிள்ளைக்காகக் கேட்கும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் வேண்டும். இல்லையென்றால் அவரும் அந்த அம்மாவோடு சேர்ந்து வரிசையில்தான் நிற்பார்.

பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கும் எமிஸ் எண்ணிலேயே எல்லாவற்றையும் இணைத்துவிடலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப் பெயரையே வசவாக்கி வைத்திருக்கும் சமூகம் இது. 1794லிருந்து நடக்கும் ஒரு மனநல ஆஸ்பத்திரிக்கு நாம் செய்த மரியாதை அது. பிள்ளை சாப்பிடும் மாத்திரையின் பெயர் பள்ளிக் கணினியில் ஏறினால், டி.சி. வாங்கும் நாள்வரை அவன் ‘அந்தப் பையன்’தான். 2017 மனநலச் சட்டம் ரகசியம் காக்கும் உரிமையை எழுதியே வைத்திருக்கிறது. வகுப்பாசிரியருக்குத் தெரிய வேண்டியது ஜன்னல் விஷயம். குளத்து விஷயம், அவனோ அவன் அம்மாவோ விரும்பினால் மட்டும்.

அன்று அந்த அம்மா கிளம்பும்போது ஒன்று கேட்டார். “டீச்சர், நீங்களே ஒரு தடவ நல்லா எழுதிக் குடுத்துருங்க. என்னால திரும்பத் திரும்பச் சொல்ல முடியல. எங்க கேட்டாலும் அதக் காட்டிக்கிறேன்.” அன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். தங்கச்சி, குளம், மழை, தண்ணீர்த் தொட்டி எல்லாம், அவரிடம் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகு. டாக்டரிடம் மட்டும் காட்டுங்கள், கவுண்டரில் கொடுத்துவிடாதீர்கள் என்றேன். தலையாட்டினார். பத்திரமாக இருக்கட்டும் என்று கடைத்தெருவில் லேமினேஷன் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் போய்விட்டு வந்தவரிடம் டாக்டர் பார்த்தாரா என்று கேட்டேன். டாக்டர் அன்று கோர்ட் டியூட்டியாம். கவுண்டரில் காட்டினாராம். லேமினேட் செய்ததில் சீல் ஒட்டாது, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வா என்று சொன்னார்களாம்.