உப்புநீர் பெற்றவர்களும் குணமடைந்தார்கள்

குடலில் நீங்காத அழற்சியை உண்டாக்கும் குரோன் நோயால் வந்த பவுத்திரத்துக்கு ஸ்டெம் செல் (மூல உயிரணு) ஊசி போடலாமா என்று தம் தம்பிக்காக நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பதினோரு ஆண்டுகளாக இதே நோயோடு வாழ்பவன் என்பதால், அவருக்கு எழுதியதைச் சற்று விரித்து இங்கே பதிகிறேன்.

இது சாதாரணப் பவுத்திரம் அன்று. குடலின் அழற்சி அடங்காதவரை, உள்ளே குடலிலிருந்து வெளியே தோல்வரை செல்லும் அந்தச் சீழ்ப் பாதை புதிது புதிதாகக் கிளைவிடும். கீறித் திறந்தால் மலத்தை அடக்கும் சுருக்குத் தசைக்கே சேதம் வரலாம். அதனால்தான் சீழ் தேங்காமல் வடிய ஒரு நூலை வளையமாகக் கோத்து மாதக்கணக்கில் விட்டுவைக்கிறார்கள். அந்த நூலோடு பேருந்தில் உட்கார்ந்து வேலைக்குப் போயிருக்கிறேன். தசையை வெட்டாமலே புண்ணை ஆற்றும் ஒரு சிகிச்சைக்காக நோயாளிகள் ஏன் இவ்வளவு ஏங்குகிறார்கள் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாட்ரிட் நகர அறுவை மருத்துவர் தமியான் கார்சியா ஓல்மோவின் குழு, நோயாளியின் சொந்தக் கொழுப்பிலிருந்து வளர்த்த ஸ்டெம் செல்களைப் பவுத்திரத்தில் செலுத்திய அனுபவத்தை 2003இல் வெளியிட்டது. அந்த வழியில் பிறந்த மருந்துதான் அலோஃபிசெல். கொடையாளரின் கொழுப்பிலிருந்து வளர்த்த 12 கோடி உயிரணுக்களை, பாதையைச் சுரண்டிச் சுத்தம் செய்து உள்வாயைத் தைத்த பிறகு, சுற்றியுள்ள திசுவில் ஊசியால் செலுத்துவார்கள். அவை புதுத் தசையாக மாறுவதில்லை; அழற்சியைத் தணிப்பதே அவற்றின் வேலை. 212 பேரிடம் நடந்த ஆய்வில் 24 வாரங்களில் மருந்து பெற்றோரில் 50 சதவீதமும், வெறும் உப்புநீர் பெற்றோரில் 34 சதவீதமும் குணமடைந்தனர். 2018இல் ஐரோப்பா அனுமதி அளித்தது.

568 பேரிடம் நடந்த அடுத்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது: மருந்து பெற்றோரில் 48.8 சதவீதம், உப்புநீர் பெற்றோரில் 46.3 சதவீதம். இந்த வேறுபாட்டை மருந்தின் பலன் என்று கொள்ள முடியாது. 2024 இறுதியில் ஐரோப்பிய சந்தையிலிருந்து அது விலக்கிக்கொள்ளப்பட்டது.

பலரும் இதைத் தோல்விக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கோ அந்த 46.3தான் முக்கியமாகத் தெரிகிறது. உப்புநீர் பெற்றவர்களுக்கும் அதே சுரண்டலும் அதே தையலும் நடந்தன. துளை மூடியதை மட்டும் பார்க்காமல், எம்.ஆர்.ஐ. படத்தில் 2 செ.மீ.க்கு மேற்பட்ட சீழ்க்கட்டி இல்லை என்பதையும் உறுதிசெய்த பிறகே குணம் என்று கணக்கிட்டார்கள். அப்படியும் ஏறக்குறையப் பாதிப்பேர் தேறினார்கள் என்றால், பொறுமையாகச் செய்யப்படும் அறுவைப் பணிக்கு நாம் தரும் மதிப்பு மிகக் குறைவு.

உயிரணுச் சிகிச்சையில் நான் நம்பிக்கை இழந்துவிடவில்லை. 2022இல் டோக்கியோவில், பெருங்குடல் புண் நோயாளி ஒருவருக்கு அவருடைய குடல் உயிரணுக்களிலிருந்தே வளர்த்த சிறு திசு உருண்டைகளைப் புண்ணில் பதித்தார்கள். சிதைந்த உட்பரப்பையே மீட்க முனையும் இந்த வழி, அழற்சியை மட்டும் தணிப்பதைவிட ஆழமானது என்று கருதுகிறேன். ஆனால் ஆய்வில் இருப்பதை இன்றே விலைக்கு விற்பதை என்னால் ஏற்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றைத் தவிர மற்றவற்றைப் பரிசோதனை நிலையில்தான் வைத்திருக்கிறது.

எனவே நண்பருக்கு மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினேன்: தம்பிக்கு ஊசி போடுவது ஓர் ஆய்வின் பகுதி என்றால் அது அரசுப் பதிவேட்டில் உள்ளதா, நோயாளியிடம் பணம் கேட்கிறார்களா, குடலின் அழற்சி இப்போது அடங்கியிருக்கிறதா? மூன்றாவதற்கு மட்டும் உடனே பதில் வந்தது. இன்னும் எம்.ஆர்.ஐ.யே எடுக்கவில்லையாம்.